காவிரியும் காலநிலை மாற்றமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆற்றுக்கு வரும் நீரைக் கணினி மாதிரிகளில் கணக்கிட்டுப் பார்ப்பது என் வேலை. விவசாயிகள் கூட்டத்திலும் கல்லூரி அரங்கிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். முன்னால் சொன்னதைப் பின்னால் திருப்பிச் சொல்லாமல் இடத்தை மட்டும் சுட்டியிருப்பதால், வரிசையாகப் படித்தால் நல்லது.

காலநிலை மாற்றத்தால காவிரி ஒரு நாள் வத்தியே போயிடுமா சார்?

வற்றாது. கங்கைக்கும் சிந்துவுக்கும் சொல்லப்படும் பனிப்பாறைக் கவலை காவிரிக்குப் பொருந்தாது. தலைக்காவிரி கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டர் உயரத்தைச் சற்றே தாண்டிய இடம்; அங்கே பனி உறைவதும் இல்லை, உருகி வருவதும் இல்லை. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை பெய்கிற வரைக்கும் காவிரியிலும் கபினியிலும் தண்ணீர் வரும். கீழே நம் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் கொஞ்சம் சேர்க்கும்.

கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு. ஜூனில் வர வேண்டிய தண்ணீர் ஜூலைக் கடைசியில் வந்தால் என்ன ஆகும்? மூன்று மாதத்தில் பரவலாக வர வேண்டியது இரண்டு வாரத்தில் கொட்டிவிட்டுப் போனால்? ஆண்டு மொத்தத்தில் பெரிய வித்தியாசமே தெரியாது. ஆனால் குறுவை நெல் சாகுபடி போயிருக்கும், கொள்ளிடக் கரையோர ஊர்கள் மூழ்கியிருக்கும். ‘எவ்வளவு’ என்று மட்டும் கேட்கிறோம். ‘எப்போது, எத்தனை நாளில்’ என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். கீழே வரும் பதில்கள் பலவும் இதைச் சுற்றித்தான் வரும்.

கன அடிங்கறாங்க, டி.எம்.சி.ங்கறாங்க. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு வினாடிக்கு எத்தனை கன அடி நீர் ஓடுகிறது என்பது ஓட்டத்தின் அளவு. எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு இருக்கிறது என்பது டி.எம்.சி. கணக்கு. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. சேரும். ‘மேட்டூருக்கு நீர்வரத்து 23,000 கன அடி’ என்று செய்தி வந்தால், அந்த வேகம் குறையாமல் இருந்தால் நாளைக்குள் சுமார் 2 டி.எம்.சி. ஏறும் என்று மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

வயலுக்கு வந்து பார்த்தால், ஒரு டி.எம்.சி. தண்ணீரை ஏறக்குறைய 23,000 ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிறுத்தலாம்.

ஆத்துல இவ்வளவு போகுதுன்னு எப்படிங்க அளக்குறாங்க? குத்துமதிப்பா சொல்றதுதானே?

குத்துமதிப்பு இல்லை. இரு மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. கர்நாடகத்திலிருந்து வரும் நீர் அங்கேதான் கணக்கில் ஏறுகிறது. இப்படிப்பட்ட நிலையத்தில் வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். ஆற்றின் குறுக்கே அகலத்தைப் பல துண்டுகளாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு துண்டிலும் ஆழம் பார்த்து, சின்னக் கிண்ணங்கள் சுழலும் நீரோட்ட மானியைத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். மேற்பரப்பிலிருந்து ஆழத்தில் பத்தில் ஆறு பங்கு கீழே உள்ள வேகம், அந்தத் துண்டின் சராசரி வேகத்துக்கு நெருக்கமாக இருக்கும். கிண்ணம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்பதை வைத்து வேகம், வேகத்தைப் பரப்பால் பெருக்கினால் ஓட்டம். எல்லாத் துண்டையும் கூட்டினால் ஆறு.

இதைத் தினமும் எல்லா மணி நேரமும் செய்ய முடியாது. அதனால் நீர்மட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் உள்ள தொடர்பை ஒரு வளைகோடாக வரைந்து வைத்துக்கொண்டு, அளவுகோலில் மட்டத்தை மட்டும் படித்து ஓட்டத்தைச் சொல்வார்கள். சாதாரண நாளில் இது நன்றாகவே வேலை செய்யும். பெருவெள்ளத்தில் ஆற்றுக்குள் மானியை இறக்குவது ஆபத்து. அப்போது வளைகோட்டின் மேல் நுனியை நீட்டித்தான் கணக்கிட வேண்டும். மணல் அள்ளி ஆற்றின் வடிவமே மாறியிருந்தால் பழைய வளைகோடும் பொய் சொல்லும். நமக்கு எந்த வெள்ளத்தின் அளவு மிக முக்கியமோ, அதன் அளவில்தான் பிழைக்கு அதிக இடம் இருக்கிறது. வரலாற்று வெள்ளப் பதிவுகளைப் படிக்கும் எவரும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெப்பம் கூடுனா மழையும் கூடும்னு சொல்றாங்களே. அப்ப ஆத்துல தண்ணி கூடத்தானே செய்யும்?

பாதி சரி. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியும். அதனால் கொட்டும்போது பலமாகக் கொட்டும். ஆனால் அதே வெப்பம் மண்ணிலிருந்தும் பயிரிலிருந்தும் காட்டிலிருந்தும் ஏரி, அணைகளின் நீர்ப்பரப்பிலிருந்தும் நீரைக் கூடுதலாக உறிஞ்சும். நீண்ட இடைவெளிக்குப் பின் மழை விழும்போது காய்ந்த மண் தன் தாகத்தைத் தீர்த்துக்கொண்ட பிறகுதான் ஓடைக்கு விடும்.

இதுவரை நடந்ததையும் பார்க்க வேண்டும். மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1951 முதல் 2015 வரை நாட்டின் கோடைப் பருவமழை சுமார் 6 சதவீதம் குறைந்திருக்கிறது. குறிப்பாகக் குறைந்த இடங்களில் ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலை, அதாவது காவிரியின் தாய்மடி. அதே மதிப்பீடு 1901 முதல் 2018 வரை நாட்டின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி உயர்ந்ததாகவும் சொல்கிறது. வெப்பம் கூடியும் மழை குறைந்ததற்குக் காற்று மாசின் தூசுத் துகள்கள், இந்தியப் பெருங்கடல் சூடானது போன்ற காரணங்களைச் சுட்டுகிறார்கள். இனிவரும் காலத்தில் பருவமழை கூடும் என்றுதான் பெரும்பாலான காலநிலை மாதிரிகள் காட்டுகின்றன. போன அறுபது வருஷத்தை அப்படியே நீட்டி வருங்காலத்தைச் சொல்லிவிட முடியாது.

மழை பத்து சதவீதம் குறைஞ்சா ஆத்துத் தண்ணியும் பத்து சதவீதம் குறையும், அவ்வளவுதானே?

இல்லை, அதைவிட அதிகமாகக் குறையும். காவிரிப் படுகையின் பரப்பு 81,155 சதுர கிலோமீட்டர். காவிரிப் பங்கீட்டுக்கான நடுவர் மன்றம் ஆற்றின் ஓராண்டு நீராக ஏற்ற 740 டி.எம்.சி.யை அந்தப் பரப்பு முழுக்கப் பரப்பினால் சுமார் 258 மில்லிமீட்டர் உயரம் நிற்கும். படுகையின் சராசரி மழையைத் தோராயமாக 1,000 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கால்வாசிதான் ஆறாகிறது. மீதி முக்கால்வாசி ஆவியாகவும் பயிர், மரங்களின் வழியாகவும் வானத்துக்கே திரும்பிப் போகிறது.

இப்போது மழை 900 ஆகிவிட்டது என்போம். மண்ணும் மரமும் தங்கள் பங்கை 742லிருந்து 690 அளவுக்குக் குறைத்துக்கொண்டாலும் ஆற்றுக்கு மிஞ்சுவது 210தான். மழையில் பத்து சதவீத வெட்டு, ஆற்றில் ஏறக்குறைய இருபது சதவீத வெட்டு. 690 என்பது விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண். இடத்துக்கு இடம் மாறும். ஆனால் மழையில் வரும் மாற்றம் ஆற்றில் பெருகித் தெரியும் என்பது பொது விதி. மழை கூடினாலும் இதே கதைதான்.

மேட்டூருக்கு வர்ற தண்ணி எங்க தாத்தா காலத்தைவிடக் குறைஞ்சு போச்சு. இது காலநிலை மாற்றம்தானே?

குறைந்தது உண்மை. ஆனால் அதில் பெரும்பங்கு காலநிலையால் வந்தது என்று சொன்னால் தப்பாகிவிடும். மேட்டூர் அணை 1934ல் கட்டி முடிந்தபோது மேலே பெரிய அணையாக கிருஷ்ணராஜ சாகர் இருந்தது. 1970களிலிருந்து கபினி, ஹேமாவதி, ஹாரங்கி என்று வரிசையாக வந்தன. அவற்றோடு பாசனப் பரப்பும் விரிந்தது. அப்புறம் நகரம். 2024 அக்டோபரில் பெங்களூருவின் காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது. அதன் அளவு நாளுக்கு 77.5 கோடி லிட்டர். வருஷம் முழுக்கக் கணக்கிட்டால் 10 டி.எம்.சி. அதில் ஒரு பகுதி கழிவுநீராக வேறு வழிகளில் திரும்பும் என்றாலும், சின்ன அளவு இல்லை இது.

அதனால்தான் மதிப்பீடு செய்பவர்கள் முதலில் ‘இயற்கை ஓட்டத்தை’ மீட்டெடுக்கிறார்கள். அளந்த ஓட்டத்தோடு மேலே தேக்கியது, வாய்க்காலில் எடுத்தது, அணையில் ஆவியானது எல்லாவற்றையும் திரும்பக் கூட்டி, மனிதக் கை படாமல் இருந்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று பார்ப்பது. இந்த வேலையைச் செய்யாமல் மேட்டூர் நீர்வரத்தை அப்படியே கோடு போட்டுக் காட்டி ‘காலநிலை மாற்றம்’ என்று எழுதிய கட்டுரையை நான் பொருட்படுத்த மாட்டேன்.

2018ல வெள்ளம், 2023ல வறட்சி, 2024ல மறுபடி வெள்ளம். இதைவிட என்ன சார் ஆதாரம் வேணும்?

அந்த ஆண்டுகள் எனக்கும் மறக்காது. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் கதவணையின் ஒன்பது மதகுகள் உடைந்து போயின. 2023ல் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 அன்றே மேட்டூர் திறந்தும், அக்டோபர் 10ல் மூட வேண்டி வந்தது. அந்த ஆகஸ்ட், 1901க்குப் பிறகு நாடு கண்ட மிக வறண்ட ஆகஸ்ட். 2024ல் ஜூலைக் கடைசியில் அணை சில நாட்களில் கிடுகிடுவென நிரம்பியது.

ஆனால் இவற்றை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. 2023ல் எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை, இருந்தது. பசிபிக் கடலும் இந்தியப் பெருங்கடலும் மாறி மாறிச் சூடாவதால் நல்ல ஆண்டும் கெட்ட ஆண்டும் எப்போதும் வந்துகொண்டுதான் இருக்கும். காலநிலையின் கையெழுத்தைப் பிரித்துப் படிக்கக் குறைந்தது 30 ஆண்டுத் தொடர் வேண்டும், அதுவும் இயற்கை ஓட்டத் தொடராக இருக்க வேண்டும். இந்த ஏற்ற இறக்கம் இன்னும் கூர்மையாகும் என்று இயற்பியல் சொல்கிறது. அந்த ஆண்டுகள் அதற்கு ஒத்துப்போகின்றன. ‘ஒத்துப்போகிறது’ என்பதற்கும் ‘நிரூபிக்கிறது’ என்பதற்கும் நடுவில் நிறைய வேலை இருக்கிறது.

நாளைக்கு மழை வருமான்னே சரியா சொல்ல முடியல. 2050ஐ எப்படிச் சொல்றீங்க?

2050 ஜூலை 10ல் குடகில் மழையா என்று யாரும் சொல்லவில்லை. 2040லிருந்து 2070 வரை ஜூலை மாதங்கள் பொதுவாக எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி. மார்கழியைவிடச் சித்திரை சூடாக இருக்கும் என்று நீங்கள் இப்போதே சொல்வீர்கள். அடுத்த சித்திரை 12ஆம் தேதி எத்தனை டிகிரி என்று சொல்ல மாட்டீர்கள் அல்லவா?

வேலை படிப்படியாக நடக்கும். உலகம் எவ்வளவு கரியமில வாயு விடும் என்று சில பாதைகளை வைத்துக்கொள்வோம். அவற்றை உலகக் காலநிலை மாதிரிகளில் ஓட்டிய முடிவுகள் பொதுவில் கிடைக்கின்றன. புனேவில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் மாதிரியும் அவற்றில் ஒன்று. அந்த மாதிரிகளின் ஒரு கட்டம் சுமார் 100 கிலோமீட்டர் அகலம். சிக்கல் இங்கேதான். தலைக்காவிரிக்கு அருகே பாகமண்டலா பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது; கிழக்கே நூற்றிச் சொச்சம் கிலோமீட்டரில் இருக்கும் மைசூருவில் 800ஐ ஒட்டித்தான். ஒரே கட்டத்துக்குள் மலையும் மழைமறைவும் கலந்து சராசரியாகிவிட்டால் காவிரி பிறக்கும் இடமே காணாமல் போகும். அதனால் நுணுக்கமான கட்டங்களாக இறக்கி, இந்திய வானிலை ஆய்வுத் துறை அளந்த மழையோடு ஒப்பிட்டு மாதிரியின் சாய்வை, அதாவது அது தொடர்ந்து கூட்டியோ குறைத்தோ காட்டும் பிழையை, திருத்துகிறோம்.

திருத்திய மழையையும் வெப்பத்தையும் மழையில் எவ்வளவு ஆறாகிறது என்று கணக்கிடும் ‘ஸ்வாட்’ போன்ற நீரியல் மாதிரிக்குள் செலுத்துவோம். மண், சரிவு, பயிர், காடு எல்லாம் அதற்குள் இருக்கும். முதலில் பழைய ஆண்டுகளை ஓட்டி, அளந்த ஓட்டத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பகுதி ஆண்டுகளில் சரிப்படுத்தி, தொடாத மற்ற ஆண்டுகளில் சோதிப்பதுதான் முறை. அங்கே தேறினால்தான் வருங்காலத்துக்குள் காலெடுத்து வைக்கலாம்.

ஒரு ஆய்வு தண்ணி கூடும்ங்குது, இன்னொண்ணு குறையும்ங்குது. யாரை நம்புறது?

இரண்டும் நேர்மையாகவே செய்யப்பட்டிருக்கலாம். எந்தப் பாதை, எந்த மாதிரி, எந்தச் சாய்வுத் திருத்தம், எந்த இடத்து ஓட்டம் என்பதைப் பொறுத்து விடை மாறும். முந்தைய பதிலில் சொன்ன ஒவ்வொரு படியிலும் ஒரு ஐயப்பாடு சேர்ந்துகொண்டே வருகிறது.

ஆய்வைக் கையில் எடுத்தால் நான் சில விஷயங்களைத் தேடுவேன். ஒரே காலநிலை மாதிரியை வைத்துச் சொன்னதா, பத்துப் பன்னிரண்டை வைத்துச் சொன்னதா? ஒற்றை எண்ணைத் தந்திருக்கிறார்களா, வீச்சைத் தந்திருக்கிறார்களா? ஆண்டு மொத்தம் மட்டுமா, மாதவாரியாகவும் உண்டா? அணைகள் இருப்பதாகவே காட்டிக்கொள்ளாத மாதிரி என்றால் மேட்டூருக்குக் கீழே அதன் முடிவு எனக்கு உதவாது. ‘2050ல் காவிரி நீர் 17.3 சதவீதம் குறையும்’ என்று புள்ளிக்குப் பின்னும் எண் போட்டுத் தலைப்பு வந்தால், அந்தத் துல்லியமே சந்தேகத்துக்குரியது.

மாதிரிகள் மொத்த அளவில் முரண்பட்டாலும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. கனமழை இன்னும் கனமாகும். வெப்பத்தால் பயிரின் தண்ணீர்த் தேவை கூடும். திட்டமிடுபவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது இவற்றைத்தான்.

நூறு வருஷத்துக்கு ஒருதடவை வர்ற வெள்ளம்னு சொன்னீங்க. ஆறே வருஷத்துல மறுபடி வந்துருச்சே?

பெயர்தான் குழப்புகிறது. அதன் பொருள், எந்த ஓர் ஆண்டிலும் அப்படி ஒரு வெள்ளம் வர 100ல் 1 வாய்ப்பு என்பது. ஒருமுறை வந்துவிட்டதால் அடுத்த 99 வருஷம் விடுமுறை கிடையாது. 30 ஆண்டு வீட்டுக் கடன் வாங்கி ஆற்றங்கரையில் வீடு கட்டினால், கடன் தீருவதற்குள் அந்த வெள்ளத்தை ஒருமுறையாவது பார்க்க 26 சதவீத வாய்ப்பு.

காலநிலை மாறும்போது அந்த 100ல் 1 என்பதே நகர்கிறது. 50ல் 1 ஆகிவிட்டால் அதே 30 ஆண்டுக்கு வாய்ப்பு 45 சதவீதமாகிறது. பழைய பதிவுகளை வைத்து அளவெடுத்துக் கட்டிய பாலம், மதகு, கரை எல்லாவற்றையும் திரும்பச் சோதிக்கச் சொல்வது இதனால்தான்.

வெள்ளத்துல வீணா கடலுக்குப் போற தண்ணியைத் தேக்கிட்டா பிரச்சினை தீர்ந்துடாதா?

மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. வினாடிக்கு 2 லட்சம் கன அடி வந்தால் ஒரு நாளில் 17 டி.எம்.சி.க்கு மேல் சேரும். காலி அணைகூட ஐந்தரை நாளில் வழியும். வெள்ளம் வரும் சமயத்தில் அணை பெரும்பாலும் காலியாகவும் இருக்காது. சில நாள் கொட்டுவதைப் பிடிக்க அதற்கேற்ற பெரிய இடம் வேண்டும். மற்ற நாளெல்லாம் அது காய்ந்து கிடக்கும், அல்லது ஆவியாகிக்கொண்டிருக்கும். ஏரிகளைத் தூர்வாரி, வரத்து வாய்க்கால்களை மீட்டு, வெள்ளத்தைப் பல இடங்களில் பிரித்து நிறுத்துவது எனக்குச் சரியாகப் படுகிறது. அதற்கும் வெள்ள நாளில் அந்த வாய்க்கால் எத்தனை கன அடி தாங்கும் என்ற வரம்பு உண்டு.

‘வீணாக’ என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கடலுக்குப் போகும் தண்ணீர்தான் முகத்துவாரத்தில் உப்பைத் தள்ளுகிறது, வண்டலைக் கொண்டு சேர்க்கிறது, மீன் குஞ்சுகளுக்கு இடம் கொடுக்கிறது. கடல் மட்டம் உயர்ந்துகொண்டிருக்கும்போது நாகப்பட்டினம் பக்கக் கிணறுகளுக்கு அது இன்னும் அவசியம்.

ஜூன் 12ல மேட்டூர் திறக்கறது இனி நடக்குமா, நடக்காதா?

சில ஆண்டு நடக்கும், சில ஆண்டு நடக்காது. 2022ல் மே 24 அன்றே திறந்தார்கள். 2024ல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். 2025ல் மறுபடியும் ஜூன் 12. அந்தத் தேதி நாற்றங்கால், உழவு, ஆள் கூலி, கடன் என்று டெல்டாவின் முழு அட்டவணையையும் பிடித்து வைத்திருக்கிறது. நீர் வரும் நாள் இன்னும் தடுமாறும் என்றால், தேதியைவிட அணை இருப்பையும் மேலணைகளின் நிலையையும் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் வர வேண்டும். குறுவைக்கு போர்வெல் இருப்பவர் சமாளிப்பார். கடைமடையில் ஆற்றையே நம்பியிருப்பவர்தான் மாட்டிக்கொள்கிறார். எந்த மதிப்பீட்டிலும் அவருடைய கணக்கைத் தனியாகப் போட வேண்டும்.

கோர்ட்டுல 740 டி.எம்.சி.ன்னு பங்கு போட்டாச்சு. ஆறே மாறிட்டா அந்தத் தீர்ப்பு என்ன ஆகும்?

இதுதான் இருப்பதிலேயே கடினமான கேள்வி. 2007ல் நடுவர் மன்றம் 740 டி.எம்.சி.யைப் பகிர்ந்தது. 2018 பிப்ரவரி 16ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 404.25 ஆகவும் கர்நாடகத்தின் பங்கை 284.75 ஆகவும் திருத்தியது. பிலிகுண்டுலுவுக்கு வர வேண்டியது 177.25. அடிப்படையான 740 என்பது 50 சதவீத நம்பகத்தன்மை கொண்ட அளவு. அதாவது இரண்டில் ஓர் ஆண்டு அந்த அளவோ அதற்கு மேலோ வரும் என்பது கணக்கு. மற்ற ஓர் ஆண்டு குறையும் என்பது அந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. அதோடு, அது 1934-35 முதல் 1971-72 வரையிலான நீர்வரத்துப் பதிவுகளின் மேல் நிற்கிறது.

தீர்ப்பு செல்லாது என்று நான் சொல்லவில்லை. பகிர்வை மறுபடி திறந்தால் கீழ்மடை மாநிலமான நமக்குத்தான் இழப்பு என்று பயப்படுபவர்களின் பயமும் நியாயமானது. ஆனால் நல்ல ஆண்டில் யாருக்கும் தீர்ப்பு தேவைப்படுவதில்லை. சண்டை வருவது பற்றாக்குறை ஆண்டில். பற்றாக்குறையை எப்படிப் பகிர்வது என்று மாதவாரியாக, தெளிவான, முன்கூட்டியே ஒப்புக்கொண்ட சூத்திரம் இருந்தால், காலநிலை எந்தப் பக்கம் போனாலும் அது தாங்கும். 2018ல் அமைக்கப்பட்ட காவிரி நீர் மேலாண்மை ஆணையம் இதை ஒவ்வொரு கெட்ட ஆண்டிலும் புதிதாக வாதாடித் தீர்க்காமல், நல்ல ஆண்டில் உட்கார்ந்து எழுதி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எங்க ஊர் ஏரிக்கு இந்த மாதிரி மதிப்பீடு நாங்களே செய்ய முடியுமா?

தொடங்க முடியும். பெரிய மாதிரி எதுவும் வேண்டாம். பள்ளிக்கூடத்திலோ பஞ்சாயத்து அலுவலகத்திலோ ஒரு மழைமானி வையுங்கள். தினமும் காலை 8.30க்கு அளவெடுங்கள், வானிலைத் துறை அளக்கும் நேரம் அதுதான். மதகு பக்கத்தில் அடி குறித்த கல் இருந்தால் வாரம் ஒருமுறை நீர்மட்டம். மோட்டார் அதிகம் ஓடாத இரண்டு மூன்று கிணறுகளில் மாதம் ஒருமுறை ஆழம். ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்த தேதி, நின்ற தேதி. மழை பெய்யாத நாளில் ‘0’ என்று எழுதுங்கள்; காலியாக விட்டால் மழை இல்லையா, ஆள் வரவில்லையா என்று பின்னால் யாருக்கும் தெரியாது.

பழைய மழைக்கு வானிலைத் துறை 1901லிருந்து கட்டம் கட்டமாகத் தயாரித்த தினசரித் தரவு இருக்கிறது. உங்கள் ஊர்க் கட்டத்தை எடுத்து, ஒவ்வொரு ஆண்டும் மழை பெய்த நாள் எத்தனை, ஒரே நாளில் அதிகபட்சம் எவ்வளவு, ஐப்பசிக்குள் எவ்வளவு என்று எக்ஸெல்லில் பிரித்துப் பாருங்கள். ஆண்டு மொத்தத்தைக் கடைசியில் பாருங்கள். இந்தக் கணக்கோடு வரும் ஊர்க்காரரிடம் பொதுப்பணி பார்க்கும் எந்த இன்ஜினியரும் ‘அப்படியெல்லாம் இல்லீங்க’ என்று சொல்லி அனுப்பிவிட முடியாது. உங்கள் நோட்டைத் திறந்து வைத்துத்தான் பேச வேண்டியிருக்கும்.